பத்து வருஷமா நிரம்பாத டேங்க்



தீபாவளி லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது எல்லாரும் அதிரசம், முறுக்கு, மைசூர்பாகுன்னு டப்பா டப்பாவா எடுத்துட்டு வருவாங்க. போன வருஷம் நான் ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வந்தேன். ரூம்மேட் ஆசையா மூடியைத் திறந்தான். ஒரே நொடிதான். "டேய், உள்ள என்னடா வச்சிருக்க, அழுகின முட்டையா?"ன்னு கேட்டுட்டு ஜன்னலைத் திறக்க ஓடினான்.

முட்டை இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

கிணற்றில் நாற்றம் வந்தால் நாம் எல்லாரும் கிணற்றுக்குள்தான் எட்டிப் பார்க்கிறோம். மருந்து போடுகிறோம், மெஷின் வாங்குகிறோம், கடைசியில் கிணற்றையே மூடுகிறோம். என் கருத்து என்னவென்றால், முதலில் எட்டிப் பார்க்க வேண்டியது நம் வீட்டு செப்டிக் டேங்க்கை. இதைப் புரிந்துகொள்ள சிவில் மூன்றாம் வருஷம் படிக்கும் எனக்கே இரண்டு வாரம் ஆனது. அதனால்தான் எழுதுகிறேன்.

பருப்பு வேகும் தண்ணி

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கத்தில். காவிரிப் படுகை, வண்டலும் மணலும் கலந்த மண். இருபது அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கொல்லையில் இருக்கும் கிணறு தாத்தா காலத்தில் வெட்டியது. ராட்டினம் துருப்பிடித்து நிற்கிறது. இப்போது மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம்.

எங்கள் பக்கம் ஒரு தண்ணீருக்கு நல்ல பேர் வேண்டுமென்றால் அதில் பருப்பு வேக வேண்டும். எங்கள் கிணற்றில் வேகும். அதனால் எதிர்வீட்டு அத்தை உட்பட மூன்று நாலு வீட்டுக்காரர்கள் சமையலுக்கு எங்கள் கிணற்றில்தான் வந்து குடத்தில் எடுத்துப் போவார்கள். எங்கள் அப்பாயிக்கு அதில் ஒரு பெருமை. "இந்தத் தெருவுல பாதிப் புள்ளைங்க என் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்ததுங்கதான்" என்று சொல்லும்.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் குளிக்கப் போன தங்கச்சி குளிக்காமலே திரும்பி வந்தாள். "தண்ணி நாறுதும்மா." கொல்லையில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று அம்மா தேடினார். அப்பா நேராகப் பின்பக்கச் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை. "எல்லாம் அவன் கொட்டகைத் தண்ணிதான்" என்று முடிவே கட்டிவிட்டார். சண்டைக்குக் கிளம்பியவரை அம்மாதான் பிடித்து நிறுத்தினார்.

ஆளுக்கு ஒரு வைத்தியம்

அன்றைக்கே வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பாயி சொன்னது: "ரெண்டு ஆளை விட்டு எறச்சுத் தூர் வாரு, சரியாயிடும்."

தூர் வாருவது தப்பில்லை. அடியில் தேங்கிய இலை, சேறு எல்லாம் அழுகினால் நாற்றம் வரத்தான் செய்யும். ஆனால் நாறுகிற கிணற்றில் ஆளை இறக்குவது உயிரோடு விளையாடுவது. அந்த அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கிணற்றுக்கு அடியிலேயே தங்கும். செறிவு கூடினால் முதலில் செத்துப்போவது நம் மூக்கின் மோப்ப சக்திதான். "இப்ப நாத்தம் இல்ல, எறங்கலாம்" என்று நினைக்கிற இடத்தில்தான் ஆள் மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுகிறார். இப்படிச் செய்தி படிக்காத வருஷம் உண்டா?

விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நச்சு வாயுவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உள்ளே மீத்தேன் இருந்தால் தீயே பிடிக்கும். பெட்ரோல், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டினால் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மேலே நின்றபடி மோட்டாரால் இறையுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது ஒன்றை மறக்காதீர்கள்.

சித்தப்பா சொன்னது: "ஒரு கிலோ ப்ளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டு."

கொஞ்சம் கணக்கு போடுவோம். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்று வையுங்கள். கொள்ளளவு சுமார் 9,400 லிட்டர். நம் நாட்டுப் பொதுச் சுகாதாரப் பாடப் புத்தகங்கள் சொல்லும் கணக்கு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர். அப்படியானால் சுமார் 24 கிராம். சித்தப்பா சொன்னதோ ஆயிரம் கிராம்!

அந்தப் பவுடரையும் அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, ஐந்து பத்து நிமிஷம் தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். சுண்ணாம்பும் உள்ளே போனால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். பருப்பு வேகாது. ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 24 கிராம் என்பது ஓரளவு சுத்தமான கிணற்றுக்கு. அழுக்கு அதிகமாக இருந்தால் குளோரின் முழுவதையும் அதுவே தின்றுவிடும், மிச்சம் இருக்காது. அப்படி மிச்சமே நிற்கவில்லை என்றால், அழுக்கு எங்கிருந்தோ தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கிக் கொட்டுவது அதற்குப் பதில் ஆகாது.

அம்மா சொன்னது நெல்லிக்கட்டையும் தேத்தான்கொட்டையும். உப்புச் சுவைக்கு நெல்லிக்கட்டை போடுவது பழைய பழக்கம். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பதில் தேத்தான்கொட்டை நிஜமாகவே கெட்டிக்காரன். ஆனால் எங்கள் தண்ணீர் கலங்கலாக இல்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்துகொண்டே நாறியது.

அப்பா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆர்.ஓ. விற்கும் ஆளுக்கு போன் போட்டார்.

இரண்டு டம்ளர் மேஜிக்

வந்தவர் சட்டைப் பையில் இருந்து டி.டி.எஸ். மீட்டரை எடுத்தார். கிணற்றுத் தண்ணீரில் விட்டார். 480 காட்டியது. "பார்த்தீங்களா சார்!" என்றார். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இல் ஏற்கத்தக்க அளவே 500 என்பதை நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் அடுத்த வித்தைக்குப் போய்விட்டார். இரண்டு டம்ளர். ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நான்கு கம்பி நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் முக்கி கரன்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் காபி மாதிரி ஆனது. அவருடையது அப்படியே இருந்தது. "இதைத்தான் சார் இத்தனை வருஷமா குடிச்சிருக்கீங்க." அப்பாயி தலையில் கை வைத்துக்கொண்டது.

மக்களே, இது முதல் வருஷ கெமிஸ்ட்ரி. மின்னாற்பகுப்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். இரும்புக் கம்பி கரைந்து துருவாக மாறி நிறம் கொடுக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, நிறமும் மாறாது. அந்த ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுத் திரும்ப முக்கச் சொல்லுங்கள், அதுவும் காபி ஆகும். நான் சொன்னேன். அவர், "தம்பி இன்ஜினியரிங்கா?" என்று கேட்டுவிட்டுக் கருவியை மடித்து வைத்தார்.

ஆர்.ஓ. மோசம் என்று சொல்ல வரவில்லை. உப்பு அதிகமான ஊரில் அதற்கு வேலை உண்டு. ஆனால் டி.டி.எஸ். மீட்டருக்குக் கிருமி தெரியாது, நாற்றம் தெரியாது. கரைந்திருக்கும் உப்பை மின்கடத்தலை வைத்துக் கணக்குப் போடுவது மட்டும்தான் அதன் வேலை. ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரிக் கரைந்த வாயு ஆர்.ஓ. சவ்வையும் தாண்டி வந்துவிடும். வியாதி ஒன்று, மருந்து இன்னொன்று.

எங்கே நாறுது, எப்போ நாறுது?

நாற்றம் என்றால் எல்லாம் ஒரே நாற்றம் இல்லை. டாக்டர் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதும் முன் நாலு கேள்வி கேட்பார் இல்லையா, அதே மாதிரி நாமும் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, எங்கே நாறுகிறது? கயிறு கட்டிய வாளியால் கிணற்றிலிருந்து நேராக ஒரு வாளி எடுங்கள். குழாயிலும் ஒரு வாளி பிடியுங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் நாறினால் மாடித் தொட்டியையும் பைப்பையும் கழுவினால் போதும். வெந்நீர் மட்டும் நாறினால் கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி காரணமாக இருக்கலாம். இரண்டும் நாறினால்தான் கிணற்றுப் பிரச்சினை.

இரண்டாவது, என்ன நாற்றம்? அழுகின முட்டை என்றால் சல்ஃபைடு. சேற்று வாடையும் செம்பழுப்பு வழவழப்பும் சேர்ந்து வந்தால் இரும்பு பாக்டீரியா. தண்ணீர் மேலே எண்ணெய் மாதிரி வானவில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து நின்றால் இரும்பு பாக்டீரியா. திரும்பவும் ஒன்று சேர்ந்தால் அது நிஜமான எண்ணெய். பக்கத்தில் பெட்ரோலோ டீசலோ கசிகிறது. சாக்கடை வாடை என்றால், அது சாக்கடையேதான்.

மூன்றாவது, எப்போது ஆரம்பித்தது? எனக்கு விடை கிடைத்தது இங்கேதான்.

எங்கள் கிணறு இரண்டு வாளியிலும் நாறியது. முட்டை வாடைக்கு அடியில் லேசாக ஒரு சாக்கடை வாடையும் இருந்தது. ஆரம்பித்தது மழைக்குப் பிறகு. கிணற்றில் தண்ணீர் மேலே ஏறி ஆறு ஏழு அடியில் நின்றது. எட்டிப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்பா, நம்ம செப்டிக் டேங்க்கைக் கடைசியா எப்போ எடுத்தோம்?"

அப்பா முகத்தில் ஒரு பெருமை. "எடுக்கவே இல்லடா. கட்டி பத்து வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்ல. கொத்தனார் கைராசி அப்படி!"

கைராசியின் ரகசியம்

நான் டேப் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். நாங்கள் செப்டிக் டேங்க் என்று சொல்லிக்கொண்டிருந்தது, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய ஒரு குழி. பத்தடி ஆழம். அடியில் தளம் கிடையாது. கிணற்றிலிருந்து 22 அடி தூரம்.

யோசித்துப் பாருங்கள். ஐந்து பேர் இருக்கும் வீடு. தினமும் கழிவறைத் தண்ணீர் உள்ளே போகிறது. பத்து வருஷமாக நிரம்பவில்லை. அப்படியானால் போனதெல்லாம் எங்கே?

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் என்றால் அடியும் சுவரும் கசியாது. கசடு அடியில் தங்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லாரி வைத்து எடுத்தே ஆக வேண்டும். தெளிந்த தண்ணீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். அந்தக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது நம் இந்தியத் தரநிலை. அதாவது 59 அடி. எங்களுடையது 22.

கோடையில் குழிக்கு அடியில் ஈரமில்லாத மண் கொஞ்சம் இருக்கும். அதன் வழியாக மெதுவாக இறங்கும்போது கிருமி ஓரளவு வடிகட்டப்படும். அதனால்தான் இத்தனை வருஷம் மூக்குக்குத் தெரியவில்லை. மழையில் நிலத்தடி நீர் ஆறடிக்கு ஏறினால் பத்தடிக் குழியின் அடிப்பாகம் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வடிகட்ட மண்ணே இல்லை. கழிவு நேராக நிலத்தடி நீரில் கலந்து, மணல் வழியாகக் கிணற்றுக்கு வருகிறது. கூடவே வரும் கரிமக் கழிவு ஆக்ஸிஜனைத் தின்கிறது. அப்புறம் சல்ஃபைடு பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்.

பின்வீட்டு மாடு பாவம், அதுக்கு ஒண்ணுமே தெரியாது.

மூக்கு நல்ல வாட்ச்மேன், ஆனால் நீதிபதி இல்லை

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாற்றம் வேறு, ஆபத்து வேறு. தண்ணீரில் 0.05 மி.கி. சல்ஃபைடு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அந்த அளவு சல்ஃபைடு குடித்தால் பொதுவாக உடம்புக்கு ஒன்றும் ஆகாது. சில ஊர்களில் பாறை அமைப்பாலேயே தண்ணீர் இப்படி நாறும். ஆனால் மலக்கிருமி கலந்த தண்ணீர் துளிகூட நாறாமல், இளநீர் மாதிரி இனித்துக்கொண்டும் இருக்கலாம்.

1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் நாற்றக் காற்றுதான் நோய் என்று பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர், அந்தத் தெரு அடிபம்புத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். வேடிக்கை என்னவென்றால் அந்தத் தண்ணீருக்கு நல்ல சுவை என்று பேர். அந்தத் தெருவை விட்டு வேறு இடத்துக்குக் குடிபோன ஒரு பெண்மணி, ருசிக்காகவே அங்கிருந்து தினமும் தண்ணீர் வரவழைத்துக் குடித்து, காலராவில் இறந்தார். பின்னால் தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் கழிவுக் குழி அந்தக் கிணற்றிலிருந்து மூன்று அடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. அந்த வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணியை அலசிய தண்ணீர் அந்தக் குழிக்குள்தான் போயிருந்தது.

"பருப்பு வேகும் தண்ணி" என்ற எங்கள் பெருமையை அதற்குப் பிறகு எனக்குச் சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை.

சோதனை செய்யாமல் எதையும் சொல்ல முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீர் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, குளிர வைத்து, சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் உதவாது. (நான் ஹாஸ்டலுக்கு எடுத்து வந்தது அந்த ரகம். வாட்டர் டெஸ்டிங் லேபுக்குப் பொறுப்பான மேடம் பார்த்துவிட்டு, "இதை வச்சு ரூம்மேட்டைத்தான் பயமுறுத்தலாம்" என்றார்.) வீட்டிலேயே செய்ய, தண்ணீர் ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும் சின்ன பாட்டில் சோதனை ஒன்றும் உண்டு. கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம் என்று பொருள். ஆனால் ஏற்கெனவே சல்ஃபைடு இருக்கும் தண்ணீர் கிருமி இல்லாமலேயே அதைக் கறுக்க வைத்துவிடும். அதனால் எங்கள் மாதிரிக் கிணற்றுக்கு ஆய்வகம்தான் சரி.

முறைப்படி மறுபடி எடுத்துக் கொடுத்த தண்ணீருக்கு அறிக்கை வந்தது. நைட்ரேட் வரம்பான 45-க்கு உள்ளே. அமோனியா வரம்பான 0.5-க்கு மேலே. புதுக் கழிவு பக்கத்திலிருந்தே வருகிறது என்பதற்கு அது அடையாளம். நாள்பட்டு ஆக்ஸிஜன் கிடைத்தால்தான் அமோனியா நைட்ரேட்டாக மாறும். கடைசி வரியில் ஈ.கோலை: "உள்ளது". 100 மி.லி. தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரநிலை.

நாலு பேருக்குத் தெரிஞ்சா

அப்பா அறிக்கையை இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்து அலமாரியில் வைத்தார். "வெளில யார்ட்டயும் சொல்லாத. நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்."

எனக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். நம் வீட்டுக் கழிவை ஊருக்கே குடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் எதிர்வீட்டு அத்தையின் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாங்க. குழந்தை பிறந்து நாற்பது நாள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி. குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்? பால் கிண்ணம், சங்கு கழுவுகிற தண்ணீர்? அதையெல்லாம் யார் கொதிக்க வைக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் அம்மா யாரிடமும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். அம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "அண்ணி, எங்க கிணத்துத் தண்ணி இனிமே எடுக்க வேணாம். எங்க குழிதான் கசியுது. டெஸ்ட்ல வந்துருச்சு."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, எங்க குழி உங்க கிணத்துலேர்ந்து எவ்ளோ தூரம்னு அளந்து பாரேன். எங்களுதும் நெரம்புனதே இல்ல."

அளந்தோம். 45 அடி. அதுவும் பத்தாது.

ஒரு கிரவுண்டு கணக்கு

ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. பொதுவாக 40-க்கு 60. கிணற்றை ஒரு ஓரத்திலும் உறிஞ்சு குழியை எதிர் ஓரத்திலும் வைத்தால்கூட 60 அடிதான். அதாவது மனையின் இந்த முனையில் கிணறும் அந்த முனையில் குழியும் இருந்தால்தான் 59 அடி விதியைத் தொட முடியும். சரி, தொட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து மனைக்காரரும் அதையே செய்தால்? நம் கிணற்றுக்கும் அவர் குழிக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர்தான் இருக்கும். நிலத்தடி நீருக்குப் பட்டா, சிட்டா எதுவும் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், கிணற்று நாற்றம் ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை, தெருப் பிரச்சினை. ஆர்.ஓ. வாங்குவதும், கிணற்றை மூடி போர் போடுவதும், கேன் தண்ணீருக்கு மாறுவதும் "நான் தப்பிச்சா போதும்" என்கிற பதில்கள். கிணற்றை மூடினால் குழி கசிவது நிற்காது. நமக்குத் தெரிவதுதான் நிற்கும். பல ஊர்களில் இதைவிட மோசமாக ஒன்று நடக்கிறது. பயன்படாத கிணற்றையே செப்டிக் டேங்க்காக மாற்றிவிடுகிறார்கள். கிணற்றைக் காணோம் என்று வடிவேலு புகார் கொடுத்ததற்குச் சிரித்தோம். இங்கே கிணறு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, ஆனாலும் காணோம்.

"எல்லாரும் டேங்க் கட்டக் காசுக்கு எங்கே போறது?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலும் உடனே முடியவில்லை. முதலில் செலவில்லாததைச் செய்தோம். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் தெருக்குழாய்த் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் செடிக்கும் கழிவறைக்கும் மட்டும். தை அறுவடைக் காசு வந்ததும் வாசல் பக்கம் தளம் போட்டு, பூசி, கசியாத டேங்க் கட்டினோம். பழைய குழியை லாரி வைத்து உறிஞ்சி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். ஆளை இறக்கவில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் குழிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் தப்பு. அப்புறம் கிணற்றை இறைத்து, அளவோடு ப்ளீச்சிங் பவுடர் போட்டோம்.

நாற்றம் போய்விட்டது. பங்குனியில் மறுபடி சோதித்தோம். அமோனியா வரம்புக்குள் வந்துவிட்டது. ஈ.கோலை? இன்னும் "உள்ளது". நாங்கள் ஒரு குழியைத்தான் மூடினோம். தெருவில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. எதிர்வீட்டு அத்தை இந்த வருஷம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பின்வீட்டு மாட்டுக்காரரும் வந்து எங்கள் டேங்க்கைப் பார்த்துவிட்டுப் போனார். அவரிடம் சண்டைக்குப் போகாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்பா இப்போது சொல்கிறார். ஊராட்சிக் கூட்டத்தில் அந்த அறிக்கையை எடுத்துக் காட்டியதும் அப்பாதான். நாலு பேருக்குத் தெரிந்தது. அசிங்கமாக ஒன்றும் ஆகவில்லை.

நாம என்ன பண்ணலாம்?

நாம் வருஷா வருஷம் மினி ப்ராஜெக்ட் என்ற பேரில் சீனியர் ரிப்போர்ட்டையே பேர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். (எங்க டிபார்ட்மெண்ட்ல மட்டும்தான்னு நினைக்காதீங்க.) நம்மிடம் வாட்டர் டெஸ்டிங் லேப் இருக்கிறது, செமஸ்டரில் பத்து நாள் திறக்கிறார்கள், மீதி நாள் பூட்டுதான். ஆளுக்கு ஒரு தெரு எடுப்போம். கிணறு எங்கே, குழி எங்கே, நடுவில் எத்தனை அடி, கடைசியாக எப்போது எடுத்தார்கள். நாலே நாலு கேள்வி, ஒரு டேப், ஒரு வரைபடம். மழைக்கு முன் ஒரு சோதனை, மழைக்குப் பின் ஒரு சோதனை. எந்தக் கிணற்றை இப்போதைக்குக் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பதையாவது அந்தத் தெருவுக்குச் சொல்லிவிட முடியும்.

அது வரைக்கும் ஒரு சின்ன வேலை. அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேளுங்கள், "நம்ம டேங்க்கைக் கடைசியா எப்போ எடுத்தோம்?" "போன வருஷம்தான்டா, ரெண்டாயிரம் ரூபா வாங்கிட்டான்" என்று அலுத்துக்கொண்டால் சந்தோஷப்படுங்கள். "நெரம்பவே இல்லடா" என்று பெருமையாகச் சொன்னால், டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள்.